நிலப்படமும் நீதியும்

கருவி மனிதனின் கைக்கு வலிமை தருகிறது. ஆனால் அக்கை எத்திசையில் நீள வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. இது பழைய உண்மைதான். ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக் கருவியை முன்வைத்து இதனைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் காலத்தில் வேளாண் நிலத்தின் விளைதிறனையும் நிலைமையையும் மதிப்பிடுவதற்குப் புவியியல் தகவல் முறைமை என்னும் கருவி உலகெங்கும் கையாளப்படுகின்றது. செய்மதிப் படங்களும் கணினியும் சேர்ந்து, இந்நிலம் வளமுடையது, இது நலிந்தது, இது பயிருக்குத் தகாதது என்று வண்ணமிட்டுக் காட்டுகின்றன. இவ்வாறு கிடைக்கும் அறிவு எத்தகையது? அதைக் கொண்டு ஒரு கமக்காரரின் காணியைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதற்கு எவருக்கேனும் உரிமை உண்டா? இவ்விரு வினாக்களையும் வன்னிப் பெருநிலத்தைச் சேர்ந்த முள்ளியவளையை மனத்திற் கொண்டு ஆராய முற்படுகிறோம்.

முள்ளியவளையைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த இவ்வூரும், அதனைச் சூழ்ந்த தண்ணீரூற்று, வற்றாப்பளை, கேப்பாப்பிலவு, குமுளமுனை முதலிய ஊர்களும் கமத்தை நம்பி வாழ்பவை. வடகீழ்ப் பருவமழையோடு காலபோகம். குளத்தில் நீர் மிஞ்சினால் சிறுபோகம். மேட்டுக்காணியில் நிலக்கடலையும் உழுந்தும் பயறும். இம்மண்ணின் இன்றைய தோற்றத்தில் பாதி இயற்கையின் ஆக்கமெனில், மறுபாதி வரலாற்றின் ஆக்கம். இவற்றுள் முதற்பாதியை மட்டும் காணும் கருவி மறுபாதியைப் பற்றி என்ன சொல்லும் என்பதை அறிய இதனினும் பொருத்தமான இடம் அரிது.

முதலில் கருவிக்குரிய மதிப்பை நாம் மனமுவந்து அளித்துவிட வேண்டும். விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சுவதும், அதனை ஆளுவோரின் குற்றத்தை அதன்மேற் சுமத்துவதும் முற்போக்காளர்க்கு அழகன்று.

இம்முறைமையின் இயக்கத்தில் மாயம் எதுவும் இல்லை. ஓர் இடத்தின் மண்வகை, நிலத்தின் சாய்வு, மழைவீழ்ச்சி, குளத்துக்கும் வாய்க்காலுக்கும் உள்ள தூரம், தற்போதைய நிலப்பயன்பாடு ஆகியவை தனித்தனிப் படங்களாக வரையப்பெற்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை அளித்துக் கூட்டினால் அந்நிலத்தின் தகுதி ஓர் எண்ணாகக் கிடைக்கிறது. பயிரின் நிலையை அறியச் செய்மதி உதவுகிறது. செழித்த பயிர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவில் திருப்பியனுப்பும். வாடிய பயிரில் இவ்வேறுபாடு குறைந்துவிடும். இவ்விரு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எண்ணையே தாவரச் சுட்டெண் என்பர்.

இம்முறைமை பிறந்ததே நிலத்தை மதிப்பிடும் தேவையிலிருந்துதான். 1960-களில் கனடா தன் நிலவளங்களைக் கணக்கெடுத்தபோது குவிந்த படங்களைக் கையால் ஒப்பிட்டு முடிக்க இயலாதென்று கண்ட றோஜர் தொம்லின்சன் என்பார் கணினியின் துணையை நாடினார். 1972-இல் முதல் லாண்ட்சாட் செய்மதி விண்ணேறிற்று. 2008 முதல் அதன் படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2015-இல் ஏவப்பட்ட சென்டினல்-2 வகைச் செய்மதி 10 மீற்றர் சதுரங்களாக நிலத்தைப் பார்க்கிறது. ஓர் ஏக்கர் வயல் அதன் கண்ணுக்கு ஏறத்தாழ 40 சதுரங்கள். கடனீரேரியின் உப்பு எவ்வயல்வரை ஏறியது, வான் பாயாத ஆண்டில் எவ்வாய்க்காலின் கடைமடை காய்ந்தது என்பனவற்றை ஓர் உத்தியோகத்தர் மாதக்கணக்கில் நடந்து அறிய வேண்டியிருந்தது போய், இன்று சில நாள்களில் அறியலாம். வறட்சி நட்டஈடு கோரும் ஏழைக் கமக்காரருக்கு அது நன்மையே.

ஆனால் இக்கருவி எதைக் காண்கிறது என்பதை அறிந்தபின், எதைக் காணவில்லை என்பதையும் கேட்டாக வேண்டும்.

*

முல்லைத்தீவு மாவட்டத்தின் மூவகை நிலங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பற்றைக்காடாகிவிட்ட வயல். 2008-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009-இன் தொடக்கத்திலும் போர் இவ்வூர்களை வெறுமையாக்கியது. மக்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, போர் முடிந்த 2009 மே 18-இன் பின் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோதும், இறுதியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பவில்லை. அவை படையினர் வசமிருந்தன. 2017 ஜனவரி இறுதியில் பிலக்குடியிருப்பு மக்கள் வீதியோரத்தில் தொடங்கிய போராட்டத்தின் பயனாகவே மார்ச் 1-இல் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. இவர்களுக்கு முன்னரே, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட தண்ணீரூற்று முஸ்லிம் மக்களின் காணிகளும் இதே விதியை அடைந்தன. உழப்படாத வயலைப் பற்றை மூடுவதற்குச் சில மழைக்காலங்களே போதும். செய்மதி அங்கே பச்சையைக் காண்கிறது. தமிழர் விட்டுச்சென்ற வயலில் முளைத்த பற்றைக்கும், முஸ்லிம்கள் விட்டுச்சென்ற வளவில் முளைத்த பற்றைக்கும், ஆதிகாலத்துக் காட்டுக்கும் அது ஏறக்குறைய ஒரே நிறத்தைத் தருகிறது.

இரண்டாவது, செழித்த வயல். 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் விரட்டப்பட்டனர். 1988-இல் அப்பகுதி மகாவலி 'எல்' வலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. தமது பெயரில் பத்திரமுள்ள வயல்கள் பிறருக்கு வழங்கப்பட்டுவிட்டன என்று அம்மக்கள் இன்றும் முறையிட்டு வருகின்றனர். அவ்வயல்களில் நெல் விளைகிறது. தாவரச் சுட்டெண் அங்கே உயர்ந்த மதிப்பையே காட்டும்; நிலத்தின் நிலைமை நன்று என்று அறிக்கை எழுதப்படும். விளைச்சல் உண்மை, விளைவிக்க வேண்டியவர் வெளியே நிற்பதும் உண்மை. முன்னதற்கு மட்டும் சதுரம் உண்டு.

மூன்றாவது, வெறுமையாய்க் கிடக்கும் நிலம். அங்கே பயிரில்லாமைக்கு மண் காரணமாகலாம். கண்ணிவெடியும் காரணமாகலாம். நுண்கடன் வட்டியில் மூழ்கிய குடும்பம் விதைநெல் வாங்க இயலாமற்போனதும், கணவனை இழந்த பெண்ணுக்கு உழவு இயந்திரத்துக்குக் கூலி கொடுக்க வழியில்லாமற்போனதும் காரணங்களாகலாம். வானத்திலிருந்து நோக்குவோர்க்கு இவை அனைத்தும் ஒரே மண்ணிறம்.

விளைதிறன் என்பது மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு குணம் என்ற எண்ணம் பொருளியலில் நெடுங்காலம் நிலவியது. மண்ணின் மூல சக்தி அழிவற்றது என்று ரிக்காடோ கருதினார். வளம் என்பது அவ்வளவு இயற்கையான பண்பன்று, அது அக்காலச் சமூக உறவுகளோடு பின்னிப் பிணைந்தது என்று மார்க்ஸ் மறுத்தார். அவ்விவாதத்துக்கு இலங்கை அண்மையில் ஒரு சான்று தந்தது. 2021 மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்படுமுன் காலபோக விதைப்பு நடந்தேறிவிட்டது. அப்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக வீழ்ந்தது. மண்வகைப் படம் அவ்வாண்டில் மாறவில்லை. சாய்வு மாறவில்லை. குளங்கள் இடம்பெயரவில்லை. மாறியது ஓர் அரசாணை. விளைதிறன் மண்ணில் மாத்திரம் உறைவதாயின் இது எங்ஙனம் நிகழ்ந்திருக்கும்?

ஆகவே நிலத்தின் 'நிலைமை' என்று நாம் சொல்லும்போது ஒரு நிகழ்ச்சியின் முடிவையே சொல்கிறோம். அம்முடிவை மாத்திரம் பதிந்து, அதற்கு முன் நிகழ்ந்ததைப் பதியாது விடும் விவரணம் பொய்யன்று. ஆனால் முழுமையும் அன்று. முழுமையற்ற உண்மையின் மீது நடவடிக்கை எடுக்கப்படும்போது அது அநீதிக்குத் துணைபோகக்கூடும்.

*

இனி, அந்த 'நிறை' பற்றிச் சிறிது நின்று நோக்குதல் அவசியம். எண்களின் உள்ளே விழுமியம் நுழையும் வாயில் அதுவே.

மண்வகைக்கு எவ்வளவு நிறை, நீருக்கு எவ்வளவு, சந்தைக்குச் செல்லும் பாதைக்கு எவ்வளவு என்பதை மண் சொல்வதில்லை. மேசையருகே அமர்ந்தோர் சொல்கின்றனர். பாதைக்கு நிறையைக் கூட்டினால் பெருவீதியோரத்துக் காணி மேலெழும். உட்கிராமத்துக் காணி கீழிறங்கும். நெல்லுக்கெனக் கணித்தால் தகாததாகும் மேட்டுநிலம் நிலக்கடலைக்கெனக் கணித்தால் தகுந்ததாகும். வன்னியில் மாடு வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாய்ப் பயன்படுத்திய மேய்ச்சற்றரை, பயிரை மட்டும் பயனெனக் கொள்ளும் படத்தில் 'பயன்படாத நிலம்' என்ற பெயரைப் பெறும். எதற்குத் தகுதி, யாருக்குத் தகுதி என்ற வினாக்கள் கணிதத்துக்கு முந்தியவை. அவற்றுக்கு விடையளித்த பின்னரே கணினி வேலையைத் தொடங்குகிறது; ஆனால் படம் அச்சாகி வரும்போது அவ்விடைகள் மறைந்துபோய், வண்ணங்கள் மாத்திரம் இயற்கையின் வாக்குப்போல் நிற்கின்றன.

இது புதிய தந்திரமன்று. 1655-56-இல் வில்லியம் பெற்றி அயர்லாந்தில் பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களை அளந்தார். அக்காலத்தில் அத்துணை நுட்பமான அளவை வேறில்லை எனலாம். அவர் நிலத்தை இலாபந்தருவது, இலாபந்தராதது என இரண்டாக வகுத்தார். எவருக்கு இலாபம்? கத்தோலிக்க ஐரிஷ் மக்களிடமிருந்து பறித்த நிலத்தைக் குரொம்வெல்லின் படையினருக்கும் ஆங்கிலேய நாடாளுமன்றத்துக்குக் கடன் கொடுத்தோருக்கும் பங்கிடுவதற்காகவே அவ்வளவை நிகழ்ந்தது. சங்கிலி வழுவாது அளந்தது. அளந்தவர்கள் கணக்கிற் பிழை செய்யவில்லை. அநீதி கணக்குக்கு வெளியே, கேட்கப்பட்ட வினாவிலேயே இருந்தது.

நம் நாட்டிலும் அத்தகைய வினா ஒன்று 1840-இல் சட்டமாயிற்று. அவ்வாண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் எவரும் குடியிராமலும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் யாவும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என அனுமானித்தது. சில ஆண்டுகள் பயிரிட்டுச் சில ஆண்டுகள் ஆறவிடும் சேனை நிலம் அப்பார்வையில் வெறுநிலமே. நிலம் ஓய்வுகொள்வதை நிலம் கைவிடப்பட்டதாகக் கொண்டனர்; நிரூபிக்கும் சுமையைக் குடியானவன் தலையில் ஏற்றினர். தோட்டப் பயிர்ச்செய்கைக்கு மலைநாட்டு நிலம் தேவைப்பட்ட காலம் அது என்பதை வரலாற்று மாணவர் அறிவர்.

அந்த அனுமானம் இன்னும் உயிரோடிருக்கிறது. 2025 மார்ச் 28-இல் 1931-ஆம் ஆண்டின் காணி நிருணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி, முல்லைத்தீவு உட்பட வடக்கில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணியைக் குறிப்பிட்டு, மூன்று மாதத்துள் உரிமை நிலைநாட்டப்படாதவை அரச காணியாகும் என்று அறிவித்தது. போரில் உறுதிகளை இழந்தோர், புலம்பெயர்ந்தோர், இறந்தோரின் பிள்ளைகள் ஆகியோர் மூன்று மாதத்தில் எதை நிரூபிப்பர்? எதிர்ப்பெழுந்து வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. உயர் நீதிமன்றமும் அவ்வாண்டு ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. மன்னாரின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியில் 2012-இல் வன எல்லை வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, 1990-இல் துரத்தப்பட்டு அப்போதுதான் மீளத் தொடங்கியிருந்த முஸ்லிம் மக்கள் தம் பழைய காணிகள் ஒதுக்குக்காடாகிவிட்டதைக் கண்டனர்.

இவை யாவும் செய்மதியின் செயல் என்று நாம் கூறவில்லை. நாம் கூறுவது வேறு. 'அங்கே யாரேனும் பயிரிடுகின்றனரா?' என்பதே 1840-இன் வினா. அதே வினாவுக்குச் செய்மதி இன்று ஐந்து நாளுக்கொருமுறை விடை சொல்ல வல்லதாயிருக்கிறது. 'ஏன் பயிரிடவில்லை?' என்ற வினாவைச் சட்டமும் கேட்பதில்லை; செய்மதியும் அறியாது. பழைய அனுமானமும் புதிய துல்லியமும் கைகோக்கும் இடத்திலேதான் ஆபத்து உண்டு.

*

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அப்படியாயின் படத்தை ஒதுக்கிவிட்டு ஊராரின் வாய்மொழியை மாத்திரம் நம்புவோமா? வட்டவிதானையின் நினைவே வேதவாக்காகுமா?

நேர்மையுள்ளோர் இம்மறுப்பைத் தட்டிக்கழிக்கலாகாது. ஊரின் நினைவு ஓரே குரலில் பேசுவதில்லை. காணியுடையோரின் நினைவு பலமாய் ஒலிக்கும். குத்தகைக்குச் செய்தவரின் நினைவும் கூலிக்கு உழைத்தவரின் நினைவும் மெலிந்தே ஒலிக்கும். தாழ்த்தப்பட்டோர் எந்த நிலத்தில் உழைத்தனர் என்பதை ஊர் அறியும். எந்த நிலம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது என்பதைச் சொல்லத் தயங்கும். 1977-ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமஞ் செய்தோரிற் பலரிடம் பத்திரம் இல்லை. ஊர்ப்பெரியோர் வரையும் படத்திலும் அவர்கள் விடுபடக்கூடும். பெண்களோ எந்தப் படத்திலும் தம் பெயரைக் காண்பதரிது. மேலும், காடும் வெறும் சாக்கன்று. குளத்துக்கு நீர் தரும் மேட்டுக்காடு அழிந்தால் வயலும் அழியும். பற்றையெல்லாம் வயலாக வேண்டும் என்று வாதிடுவோர் பிள்ளைகளின் குளத்தைத் தூர்க்கின்றனர்.

ஆதலின் வானத்துக் கண்ணா ஊரின் நாவா என்று ஒன்றைத் தெரிவது நம் நோக்கமன்று. இரண்டும் சாட்சிகள். எந்த நீதிமன்றத்திலும் சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்ய எதிர்த்தரப்புக்கு உரிமையுண்டு. சாட்சியே நீதிபதியின் ஆசனத்தில் அமர்வதில்லை. நிலப்படத்தை ஆசனத்திலிருந்து இறக்கிச் சாட்சிக்கூண்டில் நிறுத்த வேண்டும் என்பதே நம் வாதத்தின் சாரம்.

இது வெறுங் கனவன்று. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் பழங்குடி மக்கள் 2005 டிசெம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலத்தைப் பயன்படுத்தியமையைக் காட்ட வேண்டியிருந்தது. செய்மதிப் படத்தில் பயிர் தெரியவில்லை என்ற காரணத்தால் கோரிக்கைகள் தள்ளப்பட்டன. இதனை எதிர்த்தோரின் குரலுக்குப் பின், செய்மதிப் படம் ஏனைய சான்றுகளுக்குத் துணையாகலாமேயன்றி அவற்றுக்குப் பதிலாகாது என்று 2012-இல் திருத்தப்பட்ட விதிகள் வகுத்தன. குஜராத்தில் பழங்குடிக் கிராமங்கள் இன்னுமொருபடி சென்றன. தாமே கருவியைக் கையிலேந்தி, எல்லைகளை நடந்தளந்து, பழைய செய்மதிப் படங்களோடு பொருத்தித் தம் உரிமையை நிலைநாட்ட முற்பட்டன. நிராகரிக்கப் பயன்பட்ட அதே கருவி நிரூபிக்கவும் பயன்பட்டது.

வன்னிக்கும் இவ்வழி அடைபட்டதன்று. 1956-இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நிறுவனமொன்று இலங்கையை வானிலிருந்து படம்பிடித்தது. 1972 முதலான லாண்ட்சாட் படங்களின் சேமிப்பும் உண்டு. ஒற்றைப் படத்தில் வயலும் பற்றையும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கணக்கான படங்களை வரிசையாய் வைத்து நோக்கினால், நெல் மூன்று நான்கு மாதத்தில் பசுமையேறி அறுவடையோடு வீழும், பற்றையோ ஆண்டு முழுதும் பசுமை மாறாது நிற்கும். எவ்வாண்டுவரை ஒரு நிலம் வயலாய்த் துடித்தது, எவ்வாண்டில் அத்துடிப்பு நின்றது என்பதைப் பழைய படங்கள் சொல்லக்கூடும். அந்த ஆண்டு இடம்பெயர்ந்த ஆண்டோடு ஒத்துப்போகுமாயின், பற்றை கைவிட்டமைக்குச் சான்றாகாது, துரத்தப்பட்டமைக்கே சான்றாகும். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தோரின் உரிமையைக் காக்க 2016-இல் நிறைவேறிய ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் அடிப்படையும் இதுவே: இல்லாமையைக் காரணத்தோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 1976-இல் வகுத்த நில மதிப்பீட்டு முறையிலும் இதற்கு இடமுண்டு. அது தகாத நிலத்தை இருவகையாக்குகிறது: இப்போதைக்குத் தகாதது, என்றைக்கும் தகாதது. வன்னியின் எத்தனையோ காணிகள் முதல்வகையைச் சேர்ந்தவை. அவற்றை இரண்டாம் வகையில் எழுதிவிடும் ஒரு பேனாக்கோடு ஒரு குடும்பத்தின் மீள்வரவை அழித்துவிடும். 'இப்போதைக்கு' என்ற சொல்லைக் காப்பாற்றுவது, எழுதுகிறவரின் கடமை.

ஆதலால் நாம் கோருவன சில. நிலத்தை மதிப்பிடும் எப்படமும் எந்த நாளின் செய்மதிப் படத்தைக் கொண்டு வரையப்பட்டது என்பதைச் சொல்லட்டும். நிறைகள் எவை, அவற்றை யார் வகுத்தனர் என்பது அவ்வூர் மக்களின் மொழியில் வெளியிடப்படட்டும். மண்ணுக்கும் மழைக்கும் ஒரு படலம் வைப்பதுபோல, எப்போது யார் எக்காரணத்தால் அந்நிலத்தை விட்டுச் சென்றனர் என்பதற்கும் ஒரு படலம் வைக்கப்படட்டும். களத்தில் இறங்கிப் பார்க்காமல், காணியுடையோரையும் காணியற்றோரையும் கேளாமல் எந்த எல்லையும் வர்த்தமானியில் ஏறாதிருக்கட்டும்.

இக்கோரிக்கைகள் அரசாங்கத்தை நோக்கியவை மாத்திரமல்ல. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. முள்ளியவளையில் வித்தியானந்தக் கல்லூரி உண்டு. ஊர்தோறும் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்காக அயல்நாட்டு மலைத்தொடர்களை வரையும் மாணவர், தம் ஊரின் குளத்தையும் வாய்க்காலையும் விட்டுப்போன வயலையும் வரையக் கற்றாலென்ன? கட்டணமின்றிக் கிடைக்கும் பழைய செய்மதிப் படத்தை ஒரு கையிலும், ஊர் மூதாட்டியின் நினைவை மறுகையிலும் வைத்துக்கொண்டு, இரண்டும் முரண்படும் இடத்தில் 'ஏன்?' என்று கேட்கப் பழகினாலென்ன? அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவர் நாளை நில அளவைத் திணைக்களத்திலோ வனவளத் திணைக்களத்திலோ பிரதேச செயலகத்திலோ அமரும்போது, தம் முன்னுள்ள பச்சைச் சதுரத்தைப் பார்த்துக் கையொப்பமிடுமுன் சற்றே தயங்குவர். அத்தயக்கத்தில் ஒரு குடும்பத்தின் வயல் தப்பும்.